பட்டாளத்து டிரங்குப் பெட்டி: மூணு சட்டை, ஒரு பவுடர் டப்பா, வருஷம் கண்டுபிடிச்ச கதை

வேலூர் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரங்க இருக்குற ஊர் நண்பர் ஒருத்தரோடது. அவங்க தாத்தாவோட டிரங்குப் பெட்டிய கொண்டாந்து வச்சுட்டு, "இதெல்லாம் எந்த வருஷம், எந்தப் படைனு பாத்து சொல்லுங்க, கண்ணாடி போட்டு மாட்டி கீழ எழுதி வைக்கணும்"னாரு. வீட்டுல எல்லாரும் சொல்லிக்கிட்டு வந்தது தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர்னு. பெட்டிக்குள்ள இருந்தது ஒரு கம்பளி மேல்சட்டை, ஒரு பச்சை காட்டன் சட்டை, நாலு பாக்கெட் வச்ச காக்கி கோட்டு, அப்புறம் ஒரு பழைய பவுடர் டப்பா நிறைய பித்தளைச் சாமான். பாச்சா உருண்டை வாடை ஆளையே தள்ளுச்சு. டிஸ்சார்ஜ் பேப்பர், பென்ஷன் புக் எதுவும் இல்ல, பழைய வீட்டை இடிச்சப்ப போயிடுச்சாம். அதனால துணியும் பித்தளையும் என்ன சொல்லுதோ அதான் சாட்சி.

இந்த மாதிரி வேலை செய்யுறவங்களுக்கு மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், துவைக்காதீங்க, பாலிஷ் போடாதீங்க, இஸ்திரியும் வேணாம். வீட்டுல பெரியவங்க ஆசையா பிராஸோ எடுத்துட்டு வந்துடுவாங்க, டப்பாவ அவங்க கைக்கு எட்டாத இடத்துல வைக்கணும். அழுக்கு, வெளுப்பு, ஊசி ஓட்டை, பாலிஷ் காஞ்சு படிஞ்ச வெள்ளைத் தூள், இது நாலும்தான் வருஷத்தை காட்டிக் கொடுக்கப் போகுது. துவைச்சா பாதி சாட்சி தண்ணியோட போயிடும். கம்பளில பூச்சி அரிச்ச ஓட்டை இருந்துச்சு, அதுக்கு மட்டும் உடனே வேலை பாத்தேன், பாலித்தீன் கவர்ல காத்து போகாம கட்டி டீப் ஃப்ரீசர்ல மைனஸ் 18-க்கு கீழ ரெண்டு வாரம் வச்சா முட்டை புழு எல்லாம் செத்துடும், வெளிய எடுத்ததும் கவரை பிரிக்காம ரூம் சூட்டுக்கு வர்ற வரைக்கும் விடணும், இல்லன்னா தண்ணி கோத்துக்கிட்டு பித்தளை பட்ட இடத்துல பச்சைக் களிம்பு ஏறிடும்.

தேவைப்பட்ட சாமான் ரொம்ப கம்மி. நல்ல பூதக்கண்ணாடி, தையல்கடை டேப், டார்ச், 365 நானோமீட்டர் யூவி டார்ச் ஒண்ணு (395 போட்டா ஊதா வெளிச்சமே கண்ணை மறைச்சிடும்), ஒரு காந்தம், நோட்டு, பென்சில். பேனா வேணாம், மை ஒரு சொட்டு விழுந்தாலும் போச்சு. போட்டோ மட்டும் எல்லா பக்கமும் எடுத்து வச்சுக்கணும், முக்கியமா உள்பக்கம். பழைய யூனிஃபார்ம் வச்சிருக்கறவங்க முன்பக்கத்தை மட்டும் போட்டோ புடிச்சு அனுப்பி "என்ன வருஷம்"னு கேப்பாங்க, முன்பக்கம் எல்லாத்தையும் மாத்திக்கலாம்ங்க, பட்டன், ஸ்டார், ரிப்பன் எல்லாமே. உள்தையலை யாரும் மாத்த மாட்டாங்க.

கம்பளிய மொதல்ல எடுத்தேன். இடுப்போட நிக்கிற குட்டை ஜாக்கெட், கீழ பட்டையும் பக்கிளும் வச்சது, இதுக்கு பேட்டில்டிரெஸ்னு பேரு. பிரிட்டிஷ் ஆர்மி 1930களோட கடைசில கொண்டு வந்தது, அதனால இந்த வெட்டு பாத்தாலே முதல் உலகப் போர் இல்லங்கறது முடிஞ்சு போச்சு. அதுக்குள்ளயே மூணு தலைமுறை இருக்கு. முதல்ல வந்ததுல முன்பக்க பட்டன் எல்லாம் ஒரு துணிப் பட்டிக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கும், நெஞ்சு பாக்கெட்ல மடிப்பு வச்சு தச்சிருப்பாங்க. போர் நடுவுல துணியும் கூலியும் மிச்சம் பண்ணணும்னு 1942 வாக்குல அந்த பட்டியையும் மடிப்பையும் எடுத்துட்டாங்க, பட்டன் வெளிய தெரியும், பாக்கெட் தட்டையா இருக்கும், ஆனா லேபிள்ல மட்டும் "1940 பேட்டர்ன்"னு போட்டிருக்கும். இந்த லேபிளை பாத்துட்டு 1940-ல தச்சதுனு எழுதி வச்சிருக்கறத நானே பல இடத்துல பாத்திருக்கேன், பேட்டர்ன் வருஷம் வேற தச்ச வருஷம் வேற. மூணாவது தலைமுறை 1949 பேட்டர்ன், அதுல காலர் கோட்டு மாதிரி விரிஞ்சு, நெஞ்சுல ரெண்டு பக்கமும் மடிஞ்சு விழுற மடிப்பு வச்சே வரும்.

நம்ம சட்டைல பட்டன் வெளிய தெரியுது, பாக்கெட்ல மடிப்பு இல்ல. ஆனா காலர் விரிஞ்சு இருக்கு! பாத்த உடனே 1949-னு சொல்லத் தோணும். உள்ள திருப்பிப் பாத்தா விஷயம் வேற. காலர் மடிப்புக்கு உள்ள வச்ச துணி சட்டையோட செர்ஜ் (கெட்டியான கம்பளித் துணி) இல்ல, கொஞ்சம் மெல்லிசா கலரும் ஒரு ஷேடு தள்ளி இருக்கு, தையலும் மத்த இடத்தை விட நெருக்கமா இருக்கு. கழுத்துல கொக்கி இருந்த இடத்துல நூல் ஓட்டை மட்டும் மிச்சம். அதாவது கழுத்து வரைக்கும் மூடுற சட்டைய வாங்கி, கொக்கிய பிச்சுட்டு, டெய்லர்கிட்ட கொடுத்து டை கட்டுற மாதிரி காலரை திறந்திருக்காங்க. அதிகாரிங்க காலரைத் திறந்து டை கட்டுறது வழக்கம், சாதா சிப்பாய்க்கு போர்ல பெரும்பாலான காலம் மூடுன காலர்தான். அப்போ இதை போட்டவர் ஏதோ ஒரு கட்டத்துல மேல ஏறியிருக்காருன்னு ஒரு சந்தேகம். உள் பாக்கெட்ல லேபிள் பாதி அழிஞ்சு போயிருந்துச்சு. டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சா அச்சு அழுத்தம் தெரியும், அப்படி பாத்ததுல "பேட்டர்ன்"ங்கற வார்த்தையும் அகலமான அம்புக்குறியும் 194-ங்கற மூணு எண்ணும் கெடச்சுது. கடைசி எண் போச்சு. பரவால்ல, வெட்டு 1942-க்கு முன்னாடி போக விடாது.

அந்த அம்புக்குறி பத்தி சொல்லணும். மூணு கோடு சேர்ந்த அம்பு, பிரிட்டிஷ் அரசு சொத்துங்கற முத்திரை. அம்பு தனியா இருந்தா பிரிட்டன்ல ஏத்துக்கிட்ட சாமான். சி எழுத்துக்குள்ள அம்பு இருந்தா கனடா, ரெண்டு டி எழுத்துக்கு நடுவுல இருந்தா ஆஸ்திரேலியா, யூ எழுத்துக்குள்ள இருந்தா தென்னாப்பிரிக்கா, அம்புக்கு கீழ ஐ எழுத்து இருந்தா இந்தியா. நம்ம கம்பளில அம்பு மட்டும். இந்தியச் சிப்பாய்க்கு பிரிட்டன்ல தச்ச கம்பளி எங்க கெடைக்கும்? மெடிட்டரேனியன் பக்கம். பர்மாவுல காட்டுக்குள்ள கம்பளி செர்ஜ் போட்டு யாரும் சண்டை போடல. இங்கயே "பர்மா" ஆட ஆரம்பிச்சிடுச்சு.

வலது கைல டார்ச்சை சாய்ச்சா V மாதிரி மூணு பட்டை இருந்த இடம் கொஞ்சம் கருப்பா தெரியுது, சுத்தி வெளுத்திருக்கு. மூணு பட்டைன்னா ஹவில்தார் (ஒண்ணு லான்ஸ் நாயக், ரெண்டு நாயக்). பட்டைய பிரிச்ச நூல் துணுக்கு கூட ரெண்டு மூணு ஒட்டிக்கிட்டு இருக்கு. அதே சட்டை தோள் ஸ்ட்ராப்ல ஒரு ஸ்டார் மாட்டுற அளவுக்கு ஓட்டை. அப்போ ஹவில்தாரா இருந்து ஜமேதார் (ஹவில்தாருக்கு அடுத்த மேல் பதவி, தோள்ல ஒரு ஸ்டார்) ஆனப்பவும் இதே சட்டைதான், காலரை திறந்ததும் அப்பதான்னு எடுத்துக்கலாம். மூணு தகவலும் ஒரே பக்கம் சாயுது.

இப்போ நெஞ்சுல ரிப்பன், அதாவது மெடலுக்கு பதிலா அன்றாடம் தச்சுக்குற கலர் பட்டை. இடது பாக்கெட்டுக்கு மேல மூணு ரிப்பன் ஒரே பட்டையா தச்சிருக்கு. முதல்ல கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் சம அகலம், இது 1939-45 ஸ்டார்ங்கற மெடலோடது (தோள் ஸ்டார் வேற), மூணு நிறமும் கப்பற்படை, தரைப்படை, விமானப்படைக்கு. ரெண்டாவது மணல் நிறம், நடுவுல சிவப்பு, அதுக்கு ஒரு பக்கம் ஒல்லியா கருநீலக் கோடு, இன்னொரு பக்கம் வெளிர்நீலக் கோடு, ஆப்பிரிக்கா ஸ்டார். மூணாவது சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்புன்னு அஞ்சு சம பட்டை. இது இத்தாலி ஸ்டார்ங்க! பர்மா ஸ்டார்னா கருநீலத்துல நடுவுல அகலமா சிவப்பும் நீலத்துக்குள்ள ஆரஞ்சுக் கோடும் இருக்கணும், அது எங்கயும் இல்ல. நண்பருக்கு போன் போட்டு சொன்னா நம்பவே இல்ல, "எங்க பாட்டியே பர்மானுதான் சொல்லும்"ங்கறாரு.

ரிப்பன் இன்னொரு வேலையும் பண்ணும், தேதி சொல்லும். 1939-45 ஸ்டாரும் (அப்போ அதுக்கு 1939-43 ஸ்டார்னு பேரு) ஆப்பிரிக்கா ஸ்டாரும் 1943 ஜூலைல ஏற்படுத்துனது, இத்தாலி ஸ்டார் 1945 மே மாசம், வார் மெடல் 1945 ஆகஸ்ட். சட்டை 1942-க்கு அப்புறம் எப்ப வேணா தச்சிருக்கலாம், ஆனா இந்த ரிப்பன் பட்டை 1945 மே-க்கு முன்னாடி இதுல ஏறியிருக்கவே முடியாது. வார் மெடல் ரிப்பன் இதுல இல்லாததால மே-க்கும் ஆகஸ்டுக்கும் நடுவுலன்னு அடிச்சு சொல்ல ஆசையாத்தான் இருக்கு, ஆனா அப்படி சொல்லக் கூடாது, அறிவிச்ச அன்னிக்கே ஓடிப் போய் ரிப்பன் வாங்கி தச்சுக்குறது கெடையாது. முன்னாடி எல்லையை ரிப்பன் உறுதியா சொல்லும், பின்னாடி எல்லைய சொல்லாது. ஆப்பிரிக்கா ரிப்பன் நடுவுல ரெண்டு பொடி ஓட்டை இருக்கு. பிரிட்டிஷ் எட்டாவது ஆர்மில இருந்தவங்க அந்த இடத்துல வெள்ளி நிறத்துல சின்னதா 8 எண் மாட்டுவாங்க, முதல் ஆர்மிக்கு 1 எண். எண் டப்பால இல்ல, அதனால "இங்க ஏதோ மாட்டியிருந்துச்சு"ன்னு மட்டும் எழுதினேன்.

ஆப்பிரிக்காவுல இருந்துட்டு இத்தாலிக்கும் போன இந்தியர்கள் நிறைய பேர். 4, 8, 10 இந்திய டிவிஷன் மூணும் இத்தாலில சண்டை போட்டுச்சு. எந்த டிவிஷன்னு கண்டுபிடிக்க கையோட மேல்பகுதில ஃபார்மேஷன் சின்னம் இருந்த தடம் தேடினேன், சதுரமா ஒரு வெளுக்காத இடம் இருக்கு, அவ்ளோதான். சதுரத்தை வச்சு டிவிஷன் சொல்றது ஜோசியம்.

அடுத்தது பச்சை. இந்த பச்சைதான் வீட்டுல பர்மா கதைக்கு பாதி காரணம்னு நினைக்குறேன், ஏன்னா ஜங்கிள் கிரீன் பாத்தா யாருக்கும் பர்மாதான் ஞாபகம் வரும். சட்டைய உள்பக்கம் திருப்பி தையலை விரிச்சா மடிஞ்ச துணி பச்சையா இல்ல, காக்கி! பச்சை சாயம் அங்கங்க திட்டு திட்டா எட்டியிருக்கு. காக்கி டிரில்ல (கெட்டியான பருத்தித் துணி) தச்ச சட்டையை அப்படியே பச்சை சாயத்துல முக்கி எடுத்தது. பர்மா போர் ஆரம்பத்துல பச்சைத் துணியே போதாம இருந்தப்ப இப்படித்தான் காக்கிய சாயம் போட்டு ஓட்டினாங்க, நெசவுலயே பச்சையா வந்தது அதுக்கப்புறம். உள்பக்கம் மை முத்திரை, அம்பு, கீழ ஐ. ஆக இந்தியாவுல தச்ச சட்டை. ஆனா தோள்ல ஸ்டார் ஓட்டை இல்ல, கைல பட்டை தடம் இல்ல, ரிப்பன் தச்ச ஊசித் தடமும் கெடையாது, அக்குள்ல வேர்வைக் கறை கூட இல்ல. அளவு எடுத்தா நெஞ்சு கம்பளிய விட நாலு இஞ்ச் பெருசு. இத்தாலிலேர்ந்து திரும்பி வந்தப்புறம் டிப்போல கைக்கு கெடச்சதை கொடுத்திருக்கலாம், வேற யாரோடதாவும் இருக்கலாம். சட்டை பர்மா காலத்தோடது, தாத்தா பர்மா போனார்ங்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல. சீட்டுல அப்படியே எழுதினேன்.

நடுவுல ஒரு சின்ன விஷயம், இந்த மாதிரி பச்சை சட்டைன்னு சொல்லி அமெரிக்க ஆர்மி சட்டையும் நிறைய கைமாறுது. அதுல லேபிள் இருந்தா வேலை ரொம்ப சுலபம், காண்ட்ராக்ட் நம்பர் டிஎஸ்ஏ (அமெரிக்கப் படைக்கு சாமான் வாங்குற துறை) 100-னு ஆரம்பிச்சு அடுத்து வர்ற ரெண்டு எண் வருஷம், 68-னு இருந்தா 1968 நிதியாண்டு. டிஎஸ்ஏ 1962-லேர்ந்து, 1977-க்கு அப்புறம் அது டிஎல்ஏ. ஸ்டாக் நம்பர் 11 எண்ணா இருந்தா 1974-க்கு முன்னாடி, 13 எண்ணா இருந்தா அதுக்கு அப்புறம். இந்தியச் சட்டைக்கு இந்த சுகம் கெடையாது.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது, ரொம்ப நேரம் எடுத்ததும் இதான். நாலு பாக்கெட், இடுப்புல ஷேப், பின்னாடி வெட்டு, பெல்ட் தாங்குற பித்தளைக் கொக்கிக்கு ரெண்டு பக்கமும் காஜா, நல்ல காக்கி டிரில். அரசு முத்திரை எங்கயும் இல்ல, காஜா எல்லாம் கையால போட்டது, உள் பாக்கெட்ல துணி லேபிள்ல டெய்லர் கடை பேர் பாதி கிழிஞ்சு போச்சு. சொந்தக் காசுல அளவு கொடுத்து தச்சது. பட்டன் எல்லாம் அசோகர் சிங்கம். தோள்ல ரெண்டு அஞ்சு முனை ஸ்டார், அதுக்குக் கீழ சிவப்பு மஞ்சள் சிவப்பு பட்டை ரிப்பன். அந்தப் பட்டை இல்லன்னா ரெண்டு ஸ்டார் லெப்டினன்ட், பட்டை இருந்தா சுபேதார், ஜேசிஓ (ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்). தோள் ஓரத்துல ஏஎஸ்சி-னு பித்தளை எழுத்து, ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ், சப்ளையும் வண்டியும் பாக்குற படை.

இது வரைக்கும் பாத்தா 1950 ஜனவரி 26-க்கு அப்புறம் தச்சதுன்னு முடிச்சிடலாம். குடியரசு ஆன அன்னிக்குத்தான் கிரீடம் போய் சிங்கம் வந்துச்சு, ஆர்ஐஏஎஸ்சி-ல (ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ்) முன்னாடி இருந்த "ராயல்", "இந்தியன்" ரெண்டும் போய் வெறும் ஏஎஸ்சி ஆச்சு. தோள் ஸ்டாரும் அப்பதான் மாறுச்சு. பிரிட்டிஷ் ஸ்டார் நாலு முனை, சாய்சதுர வடிவம், நடுவுல வட்டம், அதுல கிரீடம் மூணு. பிரிட்டன்ல கொடுக்குற பாத்-ங்கற விருதோட ஸ்டார் அது. நம்ம ஊர் ஸ்டார் அஞ்சு முனை. போட்டோல முகமே தெரியலன்னாலும் தோள்ல முனைய எண்ணிட்டா 1950-க்கு எந்தப் பக்கம்னு சொல்லிடலாம், எனக்கு தெரிஞ்சு இத விட சுலபமான அடையாளம் இந்திய யூனிஃபார்ம்ல இல்ல.

ஆனா தோள் ஸ்ட்ராப்பை கிட்டத்துல பாத்தா, அஞ்சு முனை ஸ்டாரை சுத்தி துணி நூலுக்குள்ள வெள்ளையா தூள் படிஞ்சிருக்கு. காஞ்ச பாலிஷ். அந்தத் தூள் கோடு போட்டிருக்கற வடிவம் அஞ்சு முனை இல்ல, சாய்சதுரம்! பூதக்கண்ணாடில பாத்தா ரெண்டு ஓரமும் தெளிவா நேர்கோடு. இந்த இடத்துல முதல்ல நாலு முனை ஸ்டார் இருந்திருக்கு, அதை மாட்டுன வாக்குலயே தினமும் பாலிஷ் போட்டிருக்காங்க. அதுவும் ஒரே ஒரு ஸ்டாருக்குத்தான் இந்தத் தூள், ரெண்டாவது ஸ்டார் இடத்துல இல்ல, அங்க ஓட்டைய சுத்தி போட்ட தையல் நூலும் வேற. ஜமேதாரா இருந்தப்ப நாலு முனை, சுபேதார் ஆனப்ப அஞ்சு முனை. (ஜமேதார் பதவிக்கு 1965-லதான் நாயப் சுபேதார்னு பேர் மாத்தினாங்க, அதனால அதுக்கு முன்னாடி காலத்துக்கு எழுதும்போது ஜமேதார்னே எழுதணும், இப்பத்திய பேரை பின்னாடி கொண்டு போய் ஒட்டக் கூடாது.)

தோள் ஓரமும் அதே கதை. ஏஎஸ்சி எழுத்துக்கு ரெண்டு ஓட்டை, அதுக்கு வெளிய ரெண்டு பக்கமும் இன்னும் ரெண்டு ஓட்டை, நூல் வச்சு அடைச்சிருக்கு. டப்பாவ கொட்டி தேடினா வளைஞ்ச பித்தளைல ஆர்ஐஏஎஸ்சி ஒரு ஜோடி. பின்னாடி இருக்குற வளையத்தோட இடைவெளிய டேப்ல அளந்து அடைச்ச ஓட்டைல வச்சேன், கச்சிதமா உக்காந்துச்சு. இந்த எழுத்து 1935-லேர்ந்து 1950 வரைக்கும்தான். இதே மாதிரி குறுகுன ஜன்னல் இன்னும் சிலது உண்டு, விமானப்படைக்கு ராயல் பட்டம் 1945-லேர்ந்து 1950 வரைக்கும்தான், ஆர்ஐஏஎஃப்-னு எழுத்து கெடச்சா அஞ்சு வருஷத்துக்குள்ள அடக்கிடலாம்.

பட்டன் எப்படி மாறுச்சு? இந்த வகை கோட்டுல பட்டனை தைக்க மாட்டாங்க, துணில ஓட்டை, பட்டன் கொக்கிய உள்ள விட்டு பின்னாடி வளையம் மாட்டுறது, சலவைக்கு கழட்டணும்ல. மாத்துறதுக்கு டெய்லரே வேணாம். டப்பால கிரீடம் போட்ட பட்டன் பெருசும் சின்னதுமா கோட்டுக்கு தேவையான அதே எண்ணிக்கைல வளையத்தோட இருந்துச்சு. கோட்டு 1950-க்கு முன்னாடி பொறந்தது, 1950-ல வேஷம் மாத்திக்கிட்டு அப்புறமும் ஓடியிருக்கு.

அப்போ எவ்ளோ முன்னாடி? டெய்லர் லேபிள் கடைசி வரில கையெழுத்துல ஜேசி-னு ஆரம்பிச்சு ஒரு நம்பர், அதே மையில பேரும் நெஞ்சளவும். வைஸ்ராயோட கமிஷன் அதிகாரின்னு இருந்த பதவிய சுதந்திரத்துக்கு அப்புறம்தான் ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்னு மாத்தினாங்க, வைஸ்ராயே இல்லையே. அளவும் நம்பரும் ஒரே கையெழுத்து ஒரே மைனா தைக்கக் கொடுத்த நாள்லயே எழுதுனது. ஆக 1947 ஆகஸ்டுக்கும் 1950 ஜனவரிக்கும் நடுவுல தச்ச கோட்டு. பேப்பர் ஒண்ணு கூட இல்லாம ரெண்டரை வருஷத்துக்குள்ள வந்து நின்னதுல எனக்கு தலைகால் புரியல, உண்மைய சொல்லணும்ல.

கோட்டுல ரிப்பன் ரெண்டு வரிசை. அதுல காவி வெள்ளை பச்சை சம பட்டை, 1947 சுதந்திர மெடல். யூவி டார்ச் அடிச்சப்ப சுதந்திர மெடல் ரிப்பனும் அதை தச்ச நூலும் நீலமா மின்னுது, மத்தது எல்லாம் மங்கலா கெடக்கு. துணிய வெள்ளையா காட்டுற ரசாயனம் சோப்புலயும் நூல்லயும் பரவலா வந்தது ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம்தான், அதனால மின்னுனா பின்னாடி வந்ததுனு சந்தேகப்படலாம். சந்தேகம் மட்டும்தான், ஏன்னா பழைய துணிய இந்தக் கால சோப்புல ஒரு தடவை அலசினாலும் மொத்தமும் மின்னும், அதனால காலர் உள்தையல்ல ஒரு தடவை அடிச்சு ஒப்பிட்டுப் பாக்கணும். இங்க கோட்டு எங்கயும் மின்னல, அந்த ரிப்பன் மட்டும். நூல் நுனிய துளி கிள்ளி நெருப்புல காட்டினேன், எரிஞ்சு சாம்பல் ஆகாம உருகி கறுப்பு மணியா திரண்டுச்சு. பாலியஸ்டர். 1950களுக்கு முன்னாடி அது கடைக்கே வரல. ரிப்பன் பிஞ்சு போய் யாரோ புதுசா வாங்கி தச்சிருக்காங்க, மெடல் அவருக்கு உண்டுங்கறதுல சந்தேகம் இல்ல.

டப்பால மிச்சம் இருந்ததுல ஒரு தொப்பி பேட்ஜ். பின்பக்கம் சொரசொரப்பா, மணல் அச்சுல ஊத்துன மாதிரி. இங்கிலாந்து பேட்ஜ் சேகரிக்குறவங்க விதி என்னன்னா அச்சுல அடிச்சது ஒரிஜினல், பின்பக்கம் முன்பக்கத்தோட எதிர்வடிவம் பள்ளமா தெரியும், ஊத்துனதுன்னா டூப்ளிகேட். இந்தியப் படைக்கு இந்த விதிய அப்படியே போடக் கூடாது, இங்க படைக்கு பக்கத்து பஜார்லயே பித்தளைய ஊத்தி பேட்ஜ் பண்ணி போட்டுக்கிட்டாங்க, அது அந்தக் காலத்து அசல்தான். நான் பாத்தது கிரீடத்தை. மேல் வளைவு ரெண்டும் உருண்டையா மேல எழும்பி சேர்ந்தா 1901-க்கு அப்புறம் 1952 வரைக்கும் இருந்த ராஜா கிரீடம். நடுவுல அமுங்கி ரெண்டு தோள் மாதிரி தெரிஞ்சா எலிசபெத் ராணியோட கிரீடம், அவங்க பட்டத்துக்கு வந்ததே 1952 பிப்ரவரி. இந்தியா குடியரசு ஆனது அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. அதனால ஆர்ஐஏஎஸ்சி பேர் போட்டு அமுங்குன கிரீடத்தோட ஒண்ணு உங்க கைக்கு வந்தா யோசிக்கவே வேணாம், போலி. நம்மது உருண்டை. பேட்ஜோட பின்பக்க வளையமும் தேஞ்சு ஓவலா போயிருக்கு, வருஷக்கணக்கா மாட்டிக் கழட்டினாத்தான் அப்படி தேயும்.

கடைசியா மஞ்சள் துணில ஒரு கருப்புப் பூனை. நண்பர் இதை எடுத்து வச்சுக்கிட்டு "பாத்தீங்களா, பர்மா"ன்னாரு. நியாயந்தான், கருப்புப் பூனை 17-வது இந்திய டிவிஷன், பர்மாவுல ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் மல்லுக்கட்டுன படை அது. ஆனா இந்திய ஆர்மில பழைய டிவிஷன் சின்னம் நிறைய இன்னும் உயிரோட இருக்கு, 4-வது டிவிஷனுக்கு இன்னிக்கும் செங்கழுகு, 17 மவுண்டன் டிவிஷனுக்கு இன்னிக்கும் கருப்புப் பூனைதான். சின்னத்தை வச்சு காலத்தை சொல்ல முடியாது, செஞ்ச விதத்தைத்தான் பாக்கணும். போர்க்காலத்து சின்னம் பருத்தித் துணில அச்சடிச்சிருக்கும், இல்ல கம்பளித் துணில வெட்டி தச்சிருக்கும், ஓரம் வெறும் வெட்டு, இல்ல உள்ள மடிச்சிருக்கும். இதுல ஓரம் முழுக்க தடிமனா மெஷின் ஓவர்லாக், யூவி-ல பளீர்னு மின்னுது, நூல் உருகுது. போர் முடிஞ்சு ரொம்ப வருஷம் கழிச்சு செஞ்சது. தாத்தாவோட கம்பளி, கோட்டு ரெண்டுலயும் இந்த அளவுல எந்தத் தடமும் இல்ல. வீட்டுல வேற யாராச்சும் ஆர்மில இருந்தாங்களான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சு, "பெரியப்பா இருந்தாரு, சிக்கிம் பக்கம்"னாரு. 17 மவுண்டன் சிக்கிம்லதான். பூனை பெரியப்பாவோடது, பச்சை சட்டை யாரோடதோ, ரெண்டும் சேர்ந்து தாத்தாவ பர்மாவுக்கு அனுப்பிடுச்சு.

நண்பர்கிட்ட ஜேசி நம்பரை எழுதிக் கொடுத்திருக்கேன். பெங்களூர்ல இருக்குற ஏஎஸ்சி ரெக்கார்ட்ஸுக்கு வாரிசுங்கற முறைல எழுதிப் பாக்கலாம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துலயும் கேக்கலாம், எந்த டிவிஷனோட இத்தாலி போனாருங்கறது அங்க கெடச்சாத்தான் உண்டு.

பிரேம் வேலைக்கு நான் சொன்னது இவ்ளோதான். கோட்டுல அசோகர் பட்டனை கழட்டிட்டு கிரீடம் பட்டன் மாட்டலாமான்னு கேட்டாரு, வேணாம்னேன், கடைசியா அவர் எப்படி போட்டாரோ அப்படியே இருக்கட்டும், ஆர்ஐஏஎஸ்சி எழுத்தும் கிரீடம் பட்டனும் பக்கத்துல தனியா வைங்க. ஆணி அடிச்சு தொங்க விடக் கூடாது, தோள் கிழிஞ்சிடும், துணி சுத்துன பலகைல படுக்க வச்ச மாதிரி சாய்வா வைக்கணும், கண்ணாடி துணிய தொடக் கூடாது, வெயில் படுற சுவரும் ஆகாது. பாலிஷ் தூளை தொடைக்கவே வேணாம். ஒவ்வொண்ணுக்கும் சீட்டு, வெள்ளை காட்டன் டேப்ல பென்சில்ல எழுதி உள்தையல்ல ரெண்டே ரெண்டு தையல் தளர்வா போட்டது, கோந்து கெடையாது. பூனைக்கு தனி கவர், அதுல பெரியப்பா பேர், பக்கத்துல ஒரு கேள்விக்குறி.